இருபத்திரண்டு நிமிஷப் பாட்டில் நான் தூங்கிய கதை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து, டீக்கடையில் வைத்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் கௌரவம். முப்பத்தாறு வருஷம் மைக் செட் தொழில் செய்தவன், மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, ஒரு கச்சேரியின் நடுவில் தூங்கிப்போனேன். வெறுமனே தூங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. தூக்கத்தில் வேலையும் செய்தேன்.

நம் சங்கத்து மலரில், தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நான் சாதித்ததையெல்லாம் எழுதட்டுமா என்றேன். எத்தனை பக்கம் வரும் என்றார். ஒன்று, பெரிய எழுத்தில் அச்சடித்தால் ஒன்றரை என்றேன். "அப்ப சொதப்புனத எழுதுங்கண்ணா, எட்டுப் பக்கம் காலியா இருக்குது," என்றார். அதனால்தான் இது.

எந்த ஒயரை எங்கே சொருகுவது என்றெல்லாம் இதில் இருக்காது. நீங்கள் செல்போனிலேயே மிக்ஸர் ஓட்டுகிறவர்கள். என்னிடம் கற்றுக்கொள்ள ஒயர் விஷயம் ஒன்றும் மிச்சமில்லை. நெருக்கடியில் ஒரு மனுஷன் எப்படியெல்லாம் கோழையாவான் என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் வேண்டாம். அவர் கற்பித்தது ஒரே விஷயம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டால் ஒரு ஊளை கிளம்புமே, அதை அந்த நொடியிலேயே அடக்க வேண்டும். சொற்பொழிவானாலும் சரி, காதுகுத்தானாலும் சரி, ஊளை வந்தால் ஊரே மேடையை விட்டுவிட்டு மைக் செட்காரனைத்தான் திரும்பிப் பார்க்கும். "ஊளை வந்தா கை முதல்ல போவணும்பா. மூளை பின்னாடி ஆட்டோ புடிச்சி வரட்டும்," என்பார். என் கை அவருக்கு நல்ல சிஷ்யன். மூளைக்குத்தான் பல நாள் ஆட்டோ கிடைக்கவில்லை.

ஒரு கோயில் உற்சவத்தில் நாதஸ்வர வித்வான் மேல் ஸ்தாயியில் ஏறி, ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நின்றார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் கை அதை ஊளை என்று முடிவுசெய்து சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டது. அவர் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்து, என் பக்கம் திரும்பி, மிகவும் பொறுமையாக, "தம்பி, அது நான் ஊதினது," என்றார். அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும். ஆனால் சட்டென்று போகிற கை என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. பெயரெடுத்தவன் திருந்துவது கஷ்டம்.

யாஸ்மின் என் கடைக்கு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியான வேளையில். பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை அவளுக்கு. கூட வந்தவன் லோகு. ஐயம்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

"அங்கிள், ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

"இன்னா விசேஷம்?"

"கச்சேரி. நாங்க மூணு பேர். சைக்கடெலிக் ராக்."

"ராக் தெரியும். முன்னாடி சொன்னியே, அது இன்னாமா, வியாதியா?"

லோகு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எனக்குப் பாடம் எடுத்தாள். அந்தச் சொல்லுக்கு மனசுக்குள் இருப்பதை வெளியே காட்டுவது என்று அர்த்தமாம். அறுபதுகளில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் லண்டனிலும் தொடங்கியதாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. நம் தொழிலில் அவமானம் என்று நாம் ஒளித்துவைக்கிற ஒவ்வொன்றையும் அந்தப் பையன்கள் வெளியே எடுத்து, இது நன்றாக இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார்கள். கிட்டாரை ஸ்பீக்கருக்கு நேரே காட்டி வேண்டுமென்றே ஊளையிட வைத்தார்கள். எதிரொலியைக் கூட்டிக் கூட்டிப் பாடகன் கிணற்றில் விழுந்துவிட்டானோ என்று நினைக்க வைத்தார்கள். டேப்பைப் பின்னாலிருந்து ஓடவிட்டார்கள். நம் நாட்டுச் சிதாரையும் தம்பூராவின் ஓயாத சுருதியையும் கொண்டுபோய், மூன்று நிமிஷப் பாட்டை அதன்மேல் படுக்கப்போட்டு இருபது நிமிஷமாக நீட்டினார்கள். கண்ணாடித் தட்டில் கலர் எண்ணெயை ஊற்றி, அதன் வழியே விளக்கடித்து, சுவரெல்லாம் நெளியவிட்டார்கள். அவர்களில் பலர் எதையெதையோ விழுங்கிவிட்டு வாசித்ததையும் அவள் மறைக்கவில்லை. சிலர் போன இடத்திலிருந்து திரும்பவே இல்லையாம்.

"நீங்க இன்னா விழுங்குவீங்க?"

"லெமன் சோடா, அங்கிள்."

அந்த இசை அப்புறம் பாலாற்றில் தண்ணீர் வந்தால் பிரிகிற மாதிரி பல கால்வாயாகப் பிரிந்துவிட்டது என்றாள். ஒன்று கனத்துப்போய் இடி மாதிரி ஆனது. ஒன்று கதை சொல்கிற நீளப் பாட்டுகளாக மாறியது. இன்னொன்று மெஷினுக்குள் புகுந்து, ஆடுகிறவர்களைக் கிறங்கவைக்கிற வேலைக்குப் போனது. நம் பழைய சினிமாக் கனவுப் பாட்டுகளில் கிட்டார் திடீரென்று கரகரக்குமே, குரல் வழுக்கிக்கொண்டு போகுமே, அதுவும் இதன் பங்காளிதானாம்.

"அப்ப எனக்குச் சொந்தம்னு சொல்லு."

"தூரத்துச் சொந்தம். இப்ப துருக்கி, ஆப்பிரிக்கா, எல்லா ஊர்லயும் அவங்கவங்க சுருதிய வெச்சி வாசிக்கிறாங்க. காஞ்சிபுரத்துல இருந்து மட்டும் ஏன் வரக்கூடாது?"

லோகுதான் விஷயத்துக்கு வந்தான். மலை மேல் ஒரு ஊரில் வருஷாவருஷம் ஒரு விழா நடக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷமாக இவர்கள் பாட்டு அனுப்ப, மூன்று வருஷமும் இல்லை என்றே பதில் வந்திருக்கிறது. அடுத்த மாசம் யாஸ்மினுக்கு வயது தாண்டிவிடும். பாட்டு அவளுடையது. அதை வைத்துக்கொண்டு அவள் உள்ளே நுழைய மிச்சமிருப்பது இந்த ஒரு வாய்ப்பு. ஜனங்களுக்கு முன்னால், ஒரே மூச்சில் வாசித்து, வெட்டாமல் ஒட்டாமல் வீடியோவாகப் பதிவுசெய்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

"ஜனத்துக்கு எங்க போவீங்க?" என்றேன்.

"எங்க பாட்டுக்கு ஜனம் வராதுணா," என்றான் லோகு. "அதான் ஜனம் இருக்கிற இடத்துக்கு நாங்க போறோம். டிரம்ஸ் வாசிக்கிற பாலாஜியோட அக்காவுக்கு அன்னிக்குக் கல்யாணம். சாப்பாடு முடிஞ்சப்புறம் சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் அடுத்த பார்ட்டி மண்டபத்துக்கு வருவாங்க. நடுவுல மண்டபம் நம்மளுது. சாப்ட ஜனம் எழுந்து போவாது."

கிளம்பும்போது யாஸ்மின் வாசலில் நின்று திரும்பினாள். "பதினெட்டாவது நிமிஷம் கிட்டார ஸ்பீக்கர்கிட்ட கொண்டுபோவேன். கத்தும். அதுதான் பாட்டே. கை வெச்சிடாதீங்க அங்கிள்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சீட்டில் 'கத்தினால் விடு' என்று எழுதி மிக்ஸரிலேயே ஒட்டிவைத்தேன். அவ்வளவு பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரே எதிரி கல்யாணச் சாப்பாடு. வேலையில் இருக்கும்போது அரை வயிறு என்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். ஆனால் பாலாஜியின் தாய்மாமன், வாலாஜாபாத் பக்கம் விவசாயம், நல்ல ஆகிருதி, என் பக்கத்தில் நின்றுகொண்டே பரிமாற வைத்தார். வேண்டாம் என்றால் அவருக்கு மரியாதைக் குறைவாம். இரண்டாவது தடவை பாயசம் ஊற்றும்போது இலையை மூடப் பார்த்தேன். "இன்னாபா, பொண்ணு வூட்டு சாப்பாடு புடிக்கலயா?" என்று குரலை உயர்த்தினார். பெண் வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதற்காக மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கடைசிப் பந்தி முடிய மூன்று மணி தாண்டிவிட்டது. மேடையில் மணமக்கள் நாற்காலியை நகர்த்திவிட்டு டிரம்ஸை வைத்தோம். பின்னால் தெர்மாகோல் எழுத்தில் 'கார்த்திகா வெட்ஸ் மனோஜ்' அப்படியே இருந்தது. கலர் எண்ணெய்க்குப் பதில் என்னுடைய சீரியல் பல்பு. பாலாஜி பட்டு வேட்டியோடு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான். யாஸ்மினின் கிட்டார் ஒரு ஜாமெட்ரி பாக்ஸுக்குள் நுழைந்து, அங்கிருந்து என் மிக்ஸருக்கு வந்து, மேடையில் இருந்த என் ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும். அந்த ஜாமெட்ரி பாக்ஸ் லோகு தானே பற்றவைத்துச் செய்தது. கிட்டாரின் நல்ல குரலைக் கெடுத்துக் கரகரப்பாக்குவதற்கென்றே உள்ள பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்யும்.

முதல் தடவை வாசித்தபோது ஆறாவது நிமிஷத்தில் மண்டபத்து மேனேஜர் அவருடைய மைக்கில், "மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசைப் பாத்திரங்களை எண்ணி எடுத்துக்கொள்ளவும்," என்று அறிவித்துவிட்டார். அந்தப் பதிவு போயிற்று. அவருடைய மைக் ஒயரைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு, நாலு பத்துக்கு மறுபடி ஆரம்பித்தோம்.

அந்தப் பாட்டை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் ஒரே ஒரு சுருதி. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மாதிரி, மண்டபத்தின் ஃபேன்களே பாடுகிற மாதிரி. அதன்மேல் லோகுவின் பேஸ் கிட்டார், கனமான ஈரத்துணியை மெல்ல விரிப்பதுபோல. பாலாஜி தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன். அவன் கை அந்தக் கணக்கை விட்டு விலகவே இல்லை. அவசரமும் இல்லை, தாமதமும் இல்லை. யாஸ்மின் எப்போது வாசிக்கத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. கவனித்தபோது அவள் ஏற்கெனவே நடுவில் இருந்தாள்.

ஜமக்காளத்தில் பெண்கள் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். மல்லிகையும் சாம்பிராணியும் சாம்பாரும் கலந்த ஒரு மணம். சீரியல் பல்பு சிவப்பாகி, பச்சையாகி, ஒரு கணம் அணைந்து, மறுபடி சிவப்பாயிற்று. ஒரு குழந்தை மண்டபத்தின் நடுவில் தனியாக நின்று, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தூங்குகிற ஒரு கிழவரின் பட்டு அங்கவஸ்திர ஜரிகையில் ஏறியது. அந்த ஜரிகை எரிகிற மாதிரி இருந்தது. நான் அதையே பார்த்தேன். ஜரிகை ஆறானது. ஆற்றில் தெப்பம் போயிற்று. தெப்பத்தில் சாமி இருந்தது, சாமிக்குப் பக்கத்தில் என் மிக்ஸரும் இருந்தது. கரையெல்லாம் விளக்கு. ஜனமெல்லாம் ஓசையில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்ததே இதற்காகத்தான் என்று தோன்றியது.

அப்போது தெப்பத்தின் மேல் ஒரு ஊளை எழுந்தது.

அது அழகான ஊளை. மெல்லத் தொடங்கி, பறவை மாதிரி வளைந்து ஏறியது. கனவில்கூட நான் அதை ரசித்தேன். ஆனால் கை முதலில் போய்விட்டது. கை விழித்துக்கொண்டது, நான் விழிக்கவில்லை. இரண்டு விரல், கிட்டாரின் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைத் தேடிப்பிடித்து, அடிவரைக்கும் இழுத்துவிட்டது.

கிட்டாரின் நிசப்தம்தான் என்னை எழுப்பியது. கண்ணைத் திறந்தேன். மேடையில் யாஸ்மின் ஸ்பீக்கருக்கு முன்னால் கிட்டாரைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். கிட்டாரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாலாஜி கொஞ்ச தூரம் தனியாக அடித்துக்கொண்டு போய் நிறுத்தினான். எல்லாரும் ஜாமெட்ரி பாக்ஸைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

இனி நான் செய்தது இரண்டாவது தப்பு. முதல் தப்பைக்கூட நீங்கள் மன்னிக்கலாம். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், ஃபேடரை நைஸாக மேலே தள்ளினேன். அதே நேரம் பார்த்து யாஸ்மின் கோபத்தில் அந்தப் பெட்டியை ஒரு மிதி மிதித்தாள். சத்தம் வந்துவிட்டது. மிதித்ததால் வந்ததா, நான் தள்ளியதால் வந்ததா? மண்டபத்தில் எல்லாருக்கும் மிதித்ததால்தான் வந்தது. பெட்டியின்மேல் குற்றம் நிரூபணமாகிவிட்டது.

"லூஸ் கான்டாக்ட்," என்றாள். "பதினெட்டு நிமிஷம் லோகு. பதினெட்டு நிமிஷம் கரெக்டா வந்துச்சு."

"நேத்து செக் பண்ணேன்மா."

"நேத்து வாசிக்கலியே. இன்னிக்குத்தானே வாசிக்கிறோம்."

லோகு குனிந்து பெட்டியைப் பார்த்தான். செய்யாத தப்பை ஒரு மனுஷன் தன்னுடையதாக இருக்குமோ என்று நினைக்க ஆரம்பிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியைத் திறக்கத் தொடங்கினான்.

மணி நாலு இருபத்தெட்டு. பாட்டு இருபத்திரண்டு நிமிஷம். ஐந்து மணிக்கு மண்டபம் இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கட்டுரையே அடுத்த மூன்று நிமிஷத்தைப் பற்றித்தான். உடனே எழுந்து, பெட்டியைத் தொடாதே, நான்தான் இழுத்தேன் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சொன்னால் என்ன ஆகும்? தூங்கினேன் என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை பாயசம் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருஷத்து வேகமான கை, ஊர் முழுக்க வாங்கிய பெயர், எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் குறட்டையாக முடிந்துவிடும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. லோகு பெட்டியைத் திறந்து பார்ப்பான், ஒன்றும் இருக்காது, மூடுவான், மறுபடி வாசிப்பார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி ஒரு வக்கீல் எனக்குள் எழுந்து வாதாடினான். நம் எல்லாருக்குள்ளும் ஒருவன் இருக்கிறான். ரொம்ப நன்றாகப் பேசுவான். அவன் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

மேடையில் லோகு ஒரு சிவப்பு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. நம்ப முடியாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தான். கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் நான் மைக்கை எடுத்தேன். "பொட்டி நல்லா இருக்குது லோகு. அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. நான்தான் கிட்டார இறக்கிட்டேன். தூங்கிட்டேன்பா."

ஹால் முழுக்க நான்கு ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. சவுண்ட் அமைப்பு அவ்வளவு சுத்தம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜமக்காளத்தில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். தாய்மாமன் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நானுந்தான் தூங்கினேன். நல்லா இருந்துச்சு. அதுக்கின்னாபா இப்ப?" என்றார்.

யாஸ்மின் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. லோகுவின் கையில் தொங்கிய ஒயரைப் பார்த்தாள். பிறகு லோகுவைப் பார்த்தாள். அவன் தோளில் கை வைத்து ஒரு கணம் நின்றாள். பின் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தினி நிமிஷம் இருக்குது?"

"இருபத்தொம்போது."

"பத்த வெக்கிற மெஷின் கடையில இருக்குது," என்றான் லோகு. "ஐயம்பேட்டை போயிட்டு வர்ரதுக்குள்ள மணி அஞ்சர ஆயிடும்."

பெட்டி இல்லாமல் அவள் ஒரு கம்பியை மீட்டிப் பார்த்தாள். வீணை மாதிரி, பூஜை அறையில் கேட்கிற மாதிரி, சாதுவாக வந்தது. அந்தக் கிட்டாரை வைத்துக்கொண்டு மங்களம் வேண்டுமானால் பாடலாம். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டி வர்ரதுக்கு முன்னாடி அவங்கல்லாம் எப்பிடிச் செஞ்சாங்க?" என்று பாலாஜி கேட்டான். அவன்தான் அன்று எங்களில் புத்தி வேலை செய்த ஒரே ஆள்.

லோகு தலையைச் சொறிந்தான். "பழைய ஆளுங்க ஸ்பீக்கரையே கிழிச்சிருக்காங்கடா. உள்ள இருக்கிற அந்தக் காகிதக் கூம்ப பிளேடால கீறிட்டா கரகரன்னு வரும். ஆனா ஸ்பீக்கர் போச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். மூவரும் பார்த்தார்கள்.

மேடையிலிருந்த அந்த ஸ்பீக்கரை நான் வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மழை பட்டால் என் சட்டையைக் கழற்றிப் போர்த்துகிறவன் நான். கிழிந்த ஸ்பீக்கரோடு மேடை ஏறுவது நம் தொழிலில் கிழிந்த வேட்டியோடு ஏறுவதைவிடக் கேவலம். எனக்குள் இருந்த வக்கீல் மறுபடி எழுந்து நின்றான். இந்தத் தடவை அவனைப் பேசவிடவில்லை. பூக்காரம்மாவிடம் இருந்த பிளேடை வாங்கிக்கொண்டு மேடை ஏறி, முன்பக்க வலையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு மூன்று கீறல் போட்டேன். எனக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவர் வாழைக்காயைக் கீறும்போது இப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வார், ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

யாஸ்மின் மீட்டினாள். ஸ்பீக்கர் உறுமியது. தொண்டை கட்டிய யானை பேச முயற்சி செய்கிற மாதிரி ஒரு சத்தம். லோகுவின் பெட்டி தந்ததைவிடக் கரடுமுரடானது, பாதி உடைந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ மாறியது. அதன் முன்னால் ஒரு மைக்கை நிறுத்திவிட்டு நான் என் இடத்துக்கு ஓடினேன். மணி நாலு முப்பத்தேழு. இந்தத் தடவை உட்காரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நடுவில் அடுத்த பார்ட்டியின் அலங்காரக்காரர்கள் வந்துவிட்டார்கள். "அஞ்சு மணி வரைக்கும் எங்க மண்டபம்," என்று தாய்மாமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆனாலும் மேடைக்குப் பின்வழியாக இரண்டு பேர் நுழைந்துவிட்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏணி மேல் ஏறி, ஓசைப்படாமல் தெர்மாகோல் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். யாஸ்மின் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் ஒரு 'கா' பறந்து போயிற்று. பச்சை வெளிச்சத்தில் ஒரு 'ஜ்' போயிற்று. கல்யாணம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கரைந்துகொண்டிருந்தது. எழுந்த ஜனம் மறுபடி படுக்கவில்லை. நின்றார்கள். அந்தக் குழந்தை சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டது.

பதினெட்டாவது நிமிஷம் அவள் ஸ்பீக்கரை நோக்கி நடந்தாள். ஊளை எழுந்தது. கிழிந்த காகிதத்தின் வழியாக வந்ததால் அது ஒரு குரலாக வரவில்லை. பல குரலாக வந்தது. கோயில் பிராகாரத்தில் யாரோ ஒருவரைக் கூப்பிட்டால் தூண் தூணாகப் பதில் வருமே, அப்படி. என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் துடித்தன. வலது கை போகப் பார்த்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஊளையைக் கடைசிவரைக்கும் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எத்தனையைக் கழுத்தைப் பிடித்து அடக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தபோது பின்சுவரில் 'வெட்ஸ்' மட்டும் மிச்சமிருந்தது. மணி நாலு ஐம்பத்தொன்பது.

ஐந்தே முக்காலுக்கு அனுப்பிவிட்டார்கள். லோகு எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான். யாஸ்மின் கிட்டாரை உறையில் போட்டு, ஸ்கூட்டரில் ஏறி, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவை வாசித்ததுதான் அவளுடைய பாட்டு, அவள் நினைத்த மாதிரி வந்தது. மூன்றாவது தடவை வந்தது வேறு ஏதோ ஒன்று. அதை யாராவது ஏற்றுக்கொள்வார்களா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கையைப் பழக்குங்கள், அது வேண்டும். ஆனால் யாருக்காக வேலை செய்கிறோம் என்பதைக் கைக்கும் சொல்லிவையுங்கள். தப்பு நடந்தால் அந்த அரை நிமிஷத்துக்குள் சொல்லிவிடுங்கள். அரை நிமிஷத்தில் சொன்னால் அவமானம் மட்டும்தான். மூன்று நிமிஷம் கழித்துச் சொன்னதற்கு நான் ஒரு ஸ்பீக்கரைக் கொடுத்தேன், லோகு ஒரு பெட்டியைக் கொடுத்தான். ஸ்பீக்கரும் பெட்டியும் மறுபடி செய்துகொள்ளலாம். பெட்டியைத் திறக்கும்போது அவன் முகம் இருந்ததே, அதை என்னால் இன்னும் சரிசெய்ய முடியவில்லை.

இரண்டு மாசம் ஒரு தகவலும் இல்லை. நானாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. போனை எடுப்பேன், அவள் பெயர் வரைக்கும் போவேன், பிறகு மணி பார்ப்பதற்காக எடுத்த மாதிரி வைத்துவிடுவேன். ஒரு நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"விழாவுல எங்கள எடுத்துட்டாங்க அங்கிள்," என்றாள். "அந்தக் கிழிஞ்ச சத்தம் எந்த மெஷின்னு கேக்குறாங்க. பின்னாடி எழுத்தெல்லாம் மறையுதே, அந்த ஐடியா சூப்பர்னு எழுதியிருக்காங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நாளாக மனசுக்குள் எழுதிவைத்திருந்த மன்னிப்பு முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். மூன்று தடவை பாயசம் சாப்பிட்டது, தூங்கியது, ஃபேடரைத் திருட்டுத்தனமாக ஏற்றியது, லோகுவை மூன்று நிமிஷம் மாட்டவிட்டது, எல்லாம். அவள் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில் பேச்சு தீர்ந்துபோய், மலையில் உங்களுக்குச் சவுண்ட் பார்க்க நான் வரட்டுமா என்று கேட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"வெறும் வயித்தோட வாங்க," என்றாள்.